ஏறுமேடையில் நாற்பது நிமிடம்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரங்கள் ஆகிவிட்டன. பந்தயத்திலிருந்து ஓய்வு கொடுக்கப்பட்ட அந்த ஐந்து வயதுப் பெட்டைக் குதிரையை வாங்கலாமா, வேண்டாமா என்று கேட்டிருந்தாய். கடிதம் கிடைத்த அன்றே பதில் எழுதியிருந்தால், இளவயதில் நம் இருவருக்கும் இருந்த அசட்டுத் துணிச்சலோடு "வாங்கிவிடு" என்று ஒற்றை வரியில் எழுதி முடித்திருப்பேன். நல்லவேளையாக அதற்குள், ஓய்வுபெற்ற பந்தயக் குதிரைகளுக்கும் அவற்றைப் புதிதாக வாங்கியவர்களுக்குமான சவாரிப் பயிற்சி முகாம் ஒன்றில் என் குதிரை செவலையோடு இரண்டு நாட்கள் இருந்துவிட்டு வந்தேன். அங்கே கண்டதை எழுதினால் உன் கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும் என்று நினைக்கிறேன்.

செவலையைப் பற்றி நான் உன்னிடம் புலம்பியதெல்லாம் உனக்கு நினைவிருக்கும். சேணத்தின் அங்கவடியில், அதாவது கால் ஊன்றும் வளையத்தில், ஒரு காலை வைத்த உடனே நடக்கத் தொடங்கிவிடும். லகானைப் பிடித்து இழுத்தால் வேகத்தைக் கூட்டும். வயிற்றுவாரை இறுக்கும்போது தலையைத் திருப்பிக் காற்றைக் கடிக்கும். நான்கு மாதங்களாக இதை முரட்டுத்தனம் என்றுதான் எண்ணிக்கொண்டிருந்தேன். முதல் இரண்டும் முரட்டுத்தனம் அல்ல, தனக்குச் சொல்லிக்கொடுத்ததை அது அட்சரம் பிசகாமல் செய்துகொண்டிருந்தது. மூன்றாவது, வலி. இந்த உண்மையை ஏற்றுக்கொள்ள எனக்கு ஒரு முழு நாள் பிடித்தது என்பதைக் கொஞ்சம் வெட்கத்துடன்தான் எழுதுகிறேன்.

முகாமுக்கு எட்டுக் குதிரைகள் வந்திருந்தன. முதல் நாள் காலையில் யாரையும் ஏற விடவில்லை. சவாரி உடையோடும் தலைக்கவசத்தோடும் தயாராக நின்ற எங்கள் முகங்கள் தொங்கிப்போயின. பயிற்றுநர் ஒவ்வொரு குதிரையையும் கையில் பிடித்து நடத்தச் சொல்லி, ஒரு சொல் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பந்தயத்தை விட்டு மூன்றே வாரங்கள் ஆகியிருந்த ஒரு கறுப்புக் குதிரையை, வந்த வண்டியிலேயே திருப்பி அனுப்பிவிடும்படி அதன் உரிமையாளரிடம் மிகவும் கனிவாகச் சொன்னார். அந்த இளைஞரின் கண்கள் கலங்கிவிட்டன. ஆனாலும் அந்த இரண்டு நாட்களில் பயிற்றுநர் செய்தவற்றிலேயே துணிவான செயல் அதுதான் என்பது என் எண்ணம். கட்டணம் வாங்கிய பிறகு "இன்னும் நேரம் வரவில்லை, கூட்டிக்கொண்டு போங்கள்" என்று சொல்ல எத்தனை பேருக்கு மனம் வரும்?

பிறகு ஒரு கால்நடை மருத்துவர் வயிற்றைப் பற்றிப் பேசினார். குதிரையின் இரைப்பை, உணவு இருந்தாலும் இல்லாவிட்டாலும், நாள் முழுவதும் அமிலத்தைச் சுரந்துகொண்டே இருக்குமாம். அந்த அமிலத்தைத் தணிக்கும் உமிழ்நீரோ மெல்லும்போது மட்டும்தான் ஊறும். ஆகவே புல் குறைவாகவும் தானியம் மிகுதியாகவும் தின்று, நாளின் பெரும்பகுதியை லாயத்திற்குள் நின்றே கழித்த குதிரைக்கு வயிறு புண்ணாவதில் வியப்பில்லை. அதோடு, வேகமாக ஓடும்போது வயிற்றுத் தசைகள் இறுகுவதால் அமிலம் மேலே தெறித்து, காப்புப் படலம் இல்லாத மேல்பகுதியைச் சுடுகிறது. பயிற்சியில் இருக்கும் பந்தயக் குதிரைகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்தப் புண் உண்டு என்று அவர் சொன்னபோது, வயிற்றுவாரை இறுக்கும் நேரமெல்லாம் நான் செவலையை அதட்டியது நினைவுக்கு வந்து மனம் சுருக்கென்றது. முகாம் முடிந்த மறுவாரமே, முந்திய இரவிலிருந்து தீனி கொடுக்காமல் வைத்திருந்து, குழாய்க் கேமராவை உள்ளே விட்டுப் பார்க்க ஏற்பாடு செய்தேன். புண் இருக்கத்தான் செய்தது. இப்போது அமிலச் சுரப்பைக் குறைக்கும் ஒமேபிரசோல் மருந்தைக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். தானியத்தை வெகுவாகக் குறைத்துவிட்டு, அதன் ஐந்நூறு கிலோ எடைக்கு நாளொன்றுக்குப் பத்துக் கிலோ உலர்புல் வைக்கிறேன். சவாரிக்கு முன்னால் ஒரு கை புல்லைத் தின்ன விட்ட பிறகே சேணத்தை எடுக்கிறேன், ஏனென்றால் வயிற்றில் மிதக்கும் அந்தப் புல்லே அமிலம் மேலே தெறிக்காமல் ஓரளவு தடுத்துவிடுகிறது.

அன்று பிற்பகல்தான் ஏறுமேடைக்கு வந்தோம். பந்தய லாயங்களில் பொதுவாக ஏறுமேடையை வைத்து ஏறுவதில்லை என்பது நமக்குத் தெரிந்ததுதான். குதிரை நடந்துகொண்டிருக்கும்போதே ஒருவர் ஜாக்கியின் காலைப் பிடித்து மேலே தூக்கிவிடுவார், அவரும் பஞ்சுபோல் உட்கார்ந்துகொள்வார். அப்படிப் பழகிய குதிரையின் பக்கத்தில் ஒரு மேடையைக் கொண்டுவந்து போட்டு, அதன்மேல் நான் ஏறி நின்று, இடது அங்கவடியில் என் முழுப் பாரத்தையும் போட்டுத் தொங்கினால் அது என்ன நினைக்கும்? யாரோ ஏறுகிறார்கள், இனி நடக்க வேண்டும் என்றுதான் நினைக்கும். தெரிந்த செய்தியை இப்படிக் குதிரையின் பக்கமிருந்து யோசிக்க எனக்கு இத்தனை வருடங்கள் ஆகியிருக்கின்றன.

பயிற்றுநர் என்னை நாற்பது நிமிடங்கள் அந்த மேடையிலேயே வைத்திருந்தார். மேடையில் ஏறி நின்று, செவலையின் கழுத்தைத் தடவிவிட்டு இறங்க வேண்டும். மறுபடி ஏறி, சேணத்தை உள்ளங்கையால் தட்டிவிட்டு இறங்க வேண்டும். அடுத்து, வயிறு சேணத்தில் படும்படி குறுக்கே சாய்ந்து, மூன்று மூச்சு விட்டுவிட்டு இறங்க வேண்டும். அது ஓரடி எடுத்து வைத்தால் திட்டாமல், இழுக்காமல், ஒரு சுற்று நடத்திக்கொண்டு வந்து அதே இடத்தில் நிறுத்த வேண்டும். முதல் பத்து நிமிடங்களில் அதன் ஒரு காது என்மேலும் மறுகாது களத்தின் வாயிலின்மேலும் இருந்தது. பன்னிரண்டாவது தடவையா பதினைந்தாவது தடவையா என்று தெரியவில்லை, நான் குறுக்கே சாய்ந்திருந்தபோது அதன் விலாவெலும்புகள் என் வயிற்றுக்கடியில் மெதுவாக விரிந்தன. நீண்டதொரு பெருமூச்சு வந்தது. கழுத்து தாழ்ந்தது. நாக்கை வெளியே நீட்டி வாயை மென்றது. "இப்போது ஏறுங்கள்" என்றார். ஏறினேன். நின்றது. அவ்வளவுதான், மறுபடி இறங்கச் சொல்லிவிட்டார்; அன்றைய பாடம் அதோடு முடிந்தது. அத்தனை தூரம் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் ஓரடிகூடச் சவாரி செய்யாமல் நான் மனநிறைவோடு தூங்கிய ஒரே இரவு அதுவாகத்தான் இருக்கும்.

மறுநாள் லகான். நீ பார்த்திருப்பாய், பந்தயத்தில் ஓட்டுபவர் இரு லகான்களையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கே பிடித்துக் குதிரையின் கழுத்தில் ஊன்றிக்கொள்வார். குதிரை அந்தப் பிடியின்மேல் வாயைச் சாய்த்துக்கொண்டு ஓடும். பிடி இறுகினால் "வேலை தொடங்கிவிட்டது" என்று பொருள். பந்தயம் முடிந்ததும் ஜாக்கி அங்கவடியில் நிமிர்ந்து எழுந்து, பிடியைத் தளர்த்துவார். அதுதான் அடங்குவதற்கான அறிகுறி. நானோ பயம் வரும்போதெல்லாம் முன்னால் குனிந்து லகானைக் குட்டையாக்கிக்கொள்கிறேன். செவலையின் மொழியில் அதற்கு என்ன பெயர்? "ஓடு." அது ஓடியது. நான் மேலும் இறுக்கினேன். அது மேலும் ஓடியது. இருவரும் நான்கு மாதங்களாக ஒருவருக்கொருவர் உரக்கக் கத்திக்கொண்டிருந்திருக்கிறோம்.

ட்ராட்டில், அதாவது மிதமான துள்ளோட்டத்தில், வட்டம் போகும்போது அது வேகமெடுக்கத் தொடங்கியது. என் முழங்கைகள் தாமாகவே விறைத்தன. பயிற்றுநர் களத்தின் நடுவிலிருந்து, "ஒரு கையால் கழுத்துப்பட்டையைப் பிடித்துக்கொள்ளுங்கள், மற்ற கையைத் தளர்த்துங்கள், நிமிர்ந்து உட்கார்ந்து மூச்சை வெளியே விடுங்கள்" என்றார். ஓடுகிற குதிரையின்மேல் உட்கார்ந்துகொண்டு லகானைத் தளர்த்துவதற்கு எவ்வளவு நம்பிக்கை வேண்டும் என்பதை உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தளர்த்தினேன். ஐந்தாறு அடிகள் எதுவும் நடக்கவில்லை. பிறகு கழுத்து நீண்டது, முதுகு மேலெழுந்தது, எண்ணி எண்ணி வைப்பதுபோல் அடிகள் சீராகி, தானாகவே நடைக்கு வந்து நின்றது. களத்தோரம் நின்றிருந்தவர்கள் கைதட்டினார்கள், செவலை அதற்கு மட்டும் கொஞ்சம் மிரண்டது.

கால்களைப் பற்றியும் இதே கதைதான். பந்தய அங்கவடி மிகவும் குட்டை, ஓட்டுபவர் அதில் மடங்கி உட்காருவதால் அவருடைய கெண்டைக்கால் குதிரையின் விலாவில் தொங்குவதே இல்லை. இருபுறமும் நம் கால்கள் அணைத்திருப்பது அதற்கு முற்றிலும் புதிய உணர்ச்சி. பலர் இதற்குப் பயந்து காலை விரித்தே வைத்துக்கொள்கிறார்கள். பிறகு எப்போதாவது தற்செயலாகக் கால் பட்டால் குதிரை துள்ளிக் குதிக்கிறது. ஈரத்துணி ஒட்டுவதுபோல் காலை எப்போதும் ஒரே மாதிரி வைத்திருங்கள் என்பது பயிற்றுநர் தந்த உவமை. எனக்கு அந்த உவமை பிடிக்கவில்லை, ஆனால் பயன்பட்டது.

களத்தின் அளவைப் பற்றியும் நான் இதற்கு முன் யோசித்ததில்லை. வழக்கமான பயிற்சிக் களத்தின் அகலம் இருபது மீட்டர். முழு வேகத்தில் ஓடும் பந்தயக் குதிரையின் ஒரு பாய்ச்சலே ஆறேழு மீட்டர் வரும். அந்தக் கணக்குப்படி பார்த்தால், நீண்ட பெரிய வளைவுகளில் ஓடிப் பழகிய ஒரு விலங்கை, மூன்று பாய்ச்சலில் சுவர் வந்துவிடும் ஓர் அறைக்குள் விட்டுவிட்டு, "மெதுவாக, உடலை வளைத்து, சமநிலையோடு வட்டமடி" என்கிறோம். அதனால் முதல் மாதங்களில் ட்ராட்டைவிட வேகமான கேண்டர் ஓட்டத்தைச் சிறிய வட்டத்தில் கேட்கவே வேண்டாம், நீண்ட நேர்கோடுகளில் நடையும் ட்ராட்டும் போதும் என்பது அவர் கருத்து. நீளக்கயிற்றில் கட்டி ஓய்வில்லாமல் சுற்றவிட்டுக் களைப்படையச் செய்யும் வழக்கத்தை அவர் வெளிப்படையாகவே கண்டித்தார். இவை உடல்திறனுக்காகவே பல தலைமுறைகளாக வளர்க்கப்பட்டவை, நாம் அவற்றைக் களைப்பாக்க முயன்றால் முதலில் களைத்துப்போவது மூட்டுகள்தான் என்றார்.

முகாமில் எனக்குப் பிடிக்காதவையும் உண்டு. இரண்டாம் நாள் பிற்பகலில் நான்கு குதிரைகளை ஒரே நேரத்தில் களத்தில் இறக்கினார்கள். இவை கூட்டமாகவே பயிற்சிக்குப் போய்ப் பழகியவை, துணையோடு இருந்தால் அமைதியாக இருக்கும் என்பது காரணம். அது சரிதான், ஆனால் ஒன்று வெளியே கிளம்பியவுடன் மற்ற மூன்றும் பின்னாலேயே போக வேண்டும் என்று தவித்ததில், பாவம், ஓர் அம்மாள் கீழே விழுந்தார். அடி ஒன்றும் இல்லை. பிரியும் பயிற்சியைச் சேரும் பயிற்சிக்கு முன்னால் வைத்திருக்க வேண்டும் என்று நான் சொன்னேன், அவரும் ஒப்புக்கொண்டார்.

சாப்பாட்டு நேரத்தில் ஒருவர் 'டச் ஆஃப் கிளாஸ்' என்ற பெட்டைக் குதிரையின் கதையைச் சொன்னார். பந்தயங்களில் ஓடி ஒன்றில்கூட வெல்லாத அந்தத் தரோபிரெட் என்ற பந்தய இனக் குதிரை, 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கின் தடைதாண்டும் போட்டியில் ஜோ ஃபார்கிஸ் என்பவரைச் சுமந்துகொண்டு தனிநபர் தங்கமும் அணித் தங்கமும் வாங்கிக்கொடுத்தது. உண்மைதான், கேட்கக் கேட்க இனிக்கிறது. ஆனால் இப்படிப்பட்ட கதைகளைக் கேட்டுவிட்டு வாங்குபவர்களால்தான் பல குதிரைகள் ஓராண்டுக்குள் மூன்றாவது கைக்கு மாறிவிடுகின்றனவோ என்றும் தோன்றுகிறது.

இனி உன் பெட்டைக் குதிரை. ஐந்து வயது என்றால், இரண்டு வயதிலேயே ஓடத் தொடங்கியிருக்கலாம். முதுகெலும்பு முழுமையாக முதிர ஐந்து, ஆறு வயது ஆகும் என்பதால் முதுகையும் கால்களையும் எக்ஸ்ரே எடுக்காமல் முடிவு செய்யாதே. ஏன் ஓய்வு கொடுத்தார்கள் என்று கேள். "மெதுவாக ஓடியது" என்பதைவிட நல்ல பதில் வேறில்லை. லாயத்தில் மரத்தைக் கடித்துக் காற்று விழுங்குகிறதா, நின்ற இடத்தில் இருபுறமும் ஆடுகிறதா என்று சொல்லாமல் போய் நின்று பார். பந்தயத்திற்கு அடிக்கும் அலுமினிய லாடத்தைக் கழற்றினால் மெல்லிய குளம்பு சில காலம் நோகும், அதற்காகப் பயப்படாதே. வாங்கினால் மூன்று மாதம் மேய விடு. தனியாக விடாதே, துணைக்கு ஒரு கிழக்குதிரையாவது இருக்கட்டும். இவ்வளவுக்கும் உனக்குப் பொறுமை இருக்கிறதென்றால் வாங்கு, இல்லையென்றால் அதைப் பார்க்கவே போகாதே, ஏனென்றால் பார்த்துவிட்டால் நீ வாங்கிவிடுவாய்.

கடைசியாகச் சேணம். இந்த நான்கு மாதங்களில் செவலையின் தோள்மேட்டுக்குப் பின்னால் இருந்த பள்ளம் நிரம்பிவிட்டது. முதல் வாரம் கச்சிதமாகப் பொருந்திய சேணம் இப்போது தோளைக் கவ்விப் பிடிக்கிறது. வளையும் கம்பி ஒன்றை அதன் முதுகின் குறுக்கே அழுத்தி, அந்த வளைவைக் காகிதத்தில் வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன். உன் பரணில் கிடக்கும் பழைய சேணத்தின் முன்வளைவை அதன்மேல் வைத்துப் பார்த்து, இரண்டு பக்கமும் இரண்டு விரல் இடம் இருக்கிறதா என்று எழுது. இருந்தால் வாரையும் சேர்த்தே அனுப்பு, என்னிடம் இருப்பது ஒரு துளை குறைவாக இருக்கிறது.

அன்புடன்,
உன் பழைய தோழி