ஒழுகிய மாடியும் ஒரு நோட்டுத் தாளும்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் வாசகர் கடிதத்தில் ஒருவர், பாத்ரூம் டைல்ஸ் போட வந்தவர் 35 ஆயிரத்தை வாங்கிக்கொண்டு பாதியில் போய்விட்டார், இந்தத் தொகைக்கு எந்தக் கோர்ட் படியேறுவது, வக்கீல் பீஸுக்கே பத்தாது என்று நொந்து எழுதியிருந்தார். வக்கீலே வேண்டாம் சார். நான் வைக்கவில்லை, பணமும் வந்தது. முழுசாக இல்லை, ஆனால் வந்தது.

பெங்களூரு அல்சூரில் எங்களுடையது பழைய வீடு, மேலே 600 சதுர அடி மொட்டை மாடி. போன வருடம் மார்ச்சில் வாட்டர்புரூஃபிங் செய்ய ஒரு மேஸ்திரியைப் பிடித்தோம். திருப்பத்தூர்ப் பக்கத்துக்காரர், வாய்க்கு வாய் அக்கா அக்கா என்றார், நம்ம ஆள் என்ற நினைப்பிலேயே நான் பாதி விழுந்துவிட்டேன். 68 ஆயிரம் ரூபாய். பில் கேட்கத் தோன்றவில்லை. ஆனால் பேரம் பேசிய அன்று என் பேரனின் நோட்டில் ஒரு தாளைக் கிழித்து "3 கோட்டு, 20 லிட்டர் பக்கெட் 3, கூலியோட சேர்த்து, 5 வருசம் கேரண்டி" என்று அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். அதைத் தூக்கிப் போடாமல் காலண்டர் ஆணியில் குத்தி வைத்தேன். பணம் முழுவதும் கூகுள் பேயில் போனது. ரொக்கமாகக் கொடுத்தால் 2 ஆயிரம் குறைப்பதாகச் சொன்னார், வீட்டில் அன்று ரொக்கம் இல்லை. இருந்திருந்தால் இந்தக் கடிதமே இல்லை.

மே மாத மழை முதல் நாளே ஹால் சீலிங்கில் பெயின்ட் உப்பி, டிவி மேல் சொட்டியது. போன் செய்தால் "நாளைக்கு வரேன்க்கா". மூன்று வாரம் நாளைக்கு நாளைக்கு என்றே ஓடியது, அப்புறம் போனை எடுக்கவே இல்லை. எதிர் வீட்டில் ரிட்டையர்டான சிவில் இன்ஜினியர் ஒருவர் மாடிக்கு வந்து, பூசியிருந்ததைத் தன் ஸ்கூட்டர் சாவியால் ஒரு கீறு கீறினார். தோலாக உரிந்து கையோடு வந்தது, அடியில் பச்சையாகப் பாசி. தரையைக் கழுவாமலே அடித்திருக்கிறார், அதுவும் ஒரே கோட்டு. வாட்டமும் சரியில்லை, தண்ணீர் குழாய்ப் பக்கம் போகாமல் எதிர் மூலையில் குளம் கட்டி நின்றது.

என் வீட்டுக்காரர் அன்றே வேறு ஆளைக் கூப்பிடப் போனார். இன்ஜினியர்தான் தடுத்தார்: சரி செய்துவிட்டால் அப்புறம் எதைக் காட்டி வழக்குப் போடுவீர்கள்? முதலில் போட்டோ, வீடியோ, எழுத்தில் ஒரு ரிப்போர்ட். 3 ஆயிரம் வாங்கிக்கொண்டு இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தார். அது வரை ஒரு தார்பாலினை விரித்து வைத்தோம்.

நுகர்வோர் உதவி எண் 1915 தெரியும்தானே, தமிழிலேயே பேசுகிறார்கள். பெரிய கம்பெனி என்றால் அவர்களே கேட்டுப் பார்ப்பார்களாம். இவர் தனி ஆள் என்பதால், எழுத்தில் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள், பதில் இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள் என்றார்கள். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். நோட்டீஸ் அனுப்ப அட்ரஸ் வேண்டுமே! ஐந்து மாதமாகப் பேசுகிற ஆளின் போன் நம்பர் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது. கடைசியில் அவர் சாமான் வாங்கிய ஹார்டுவேர் கடைக்குப் போனேன். கடைக்காரர் வெள்ளந்தியாக நோட்டைப் புரட்டி ஓசூர் அட்ரஸைச் சொன்னதோடு, "உங்க வீட்டுக்கு ஒரு பக்கெட்தான் எடுத்தாரு" என்றும் சொல்லிவிட்டார். எழுதிக் கொடுத்தது மூன்று!

ஓசூர் தமிழ்நாடாயிற்றே, அங்கே போய்த்தான் வழக்குப் போட வேண்டுமோ என்று பயந்தேன். வேண்டாம். 2019-ஆம் வருடத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கிற ஊரிலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் ஒரு பைசா கிடையாது, பிரச்சினை எழுந்து இரண்டு வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். ஸ்பீடு போஸ்டில் நோட்டீஸ் அனுப்பி 15 நாள் பார்த்துவிட்டு, மகன் உட்கார்ந்து, நுகர்வோர் புகாருக்கென்று அரசு வைத்திருக்கிற இ-ஜாக்ருதி இணையதளத்தில் புகாரை ஆங்கிலத்தில் டைப் செய்தான். நோட்டுத் தாள், கூகுள் பே ரசீது, போட்டோ, ரிப்போர்ட், வாட்ஸ்அப்பில் வந்த அத்தனை "நாளைக்கு"ம் உள்ளே போயின.

வழக்கை முடிக்கச் சட்டத்தில் மூன்று மாதம் என்று இருக்கிறது, அதை நம்பி நாள் எண்ணாதீர்கள். எனக்கு ஏழு மாதம். ஆணையம் இருக்கிற சாந்திநகர் பஸ் நிலையக் கட்டடத்துக்கு மூன்று முறை போனேன், ஒரு முறை போனதும் அடுத்த தேதி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது தேதிக்கு மேஸ்திரி வந்தார், முகம் வாடிப்போயிருந்தது. ஒரே நேரத்தில் மூன்று வேலை ஒப்புக்கொண்டு, பசங்களை விட்டுவிட்டுப் போனதில் கெட்டுப்போச்சு என்றார். பாவமாகத்தான் இருந்தது, ஆனால் அந்த இரண்டு பக்கெட் காசு பசங்களிடம் போகவில்லையே. சமரசத்துக்கு அனுப்பட்டுமா என்று கேட்டார்கள், இருவரும் சரி என்றோம். 45 ஆயிரம், இரண்டு தவணை. ஆணையம் அதை உத்தரவாகவே பதிவு செய்தது. மீறினால் ஜெயில் வரை போகும் என்பதாலோ என்னவோ, இரண்டாவது தவணை கெடுவுக்கு முதல் நாள் ராத்திரி பத்து மணிக்கு வந்து விழுந்தது.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். டைப் செய்ய எனக்கு மகன் இருந்தான். அந்த நோட்டீஸும் புகாரும் எப்படி இருக்க வேண்டும் என்று தமிழில் ஒரு மாதிரியை அரைப் பக்கத்தில் போடுங்களேன், வெட்டி வைத்துக்கொள்வார்கள்.

என் பெயரை மட்டும் போட வேண்டாம். அந்த மேஸ்திரியும் உங்கள் பேப்பர்தான் படிக்கிறார்.

– ஒரு வாசகி, அல்சூர், பெங்களூரு