கழிப்பறைத் திட்டம்: பணி நிறைவு அறிக்கை

சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் நிர்வாகக் குழுவின் வணக்கம்.

தொட்டியம் வட்டாரத்தில் நாம் எடுத்துக்கொண்ட கழிப்பறைப் பணி முடிந்துவிட்டது. கடைசியாக நின்ற வீடுகளுக்கும் கதவு மாட்டி, குழிகளுக்கு மூடி போட்டு ஒப்படைத்தாயிற்று. தணிக்கை முடிந்த வரவு செலவுக் கணக்கு பொதுக்குழுவில் வரிவரியாக வாசிக்கப்படும். முன்கூட்டியே பார்க்க விரும்புகிறவர்கள் அலுவலகத்தில் பேரேட்டையும் ரசீதுகளையும் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். கணக்கு அங்கே இருப்பதால், பணத்தை ஏன் இந்த வழியில் செலவழித்தோம் என்பதையே இங்கே விரிவாகச் சொல்கிறோம். நேரிலும் தொலைபேசியிலும் உறுப்பினர்கள் பலர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "ஆழமா ஒரே குழி தோண்டி உறை இறக்கியிருந்தா இருபது வருஷத்துக்குக் கவலை இல்லையே, எதுக்கு வீட்டுக்கு வீடு ரெண்டு சின்னக் குழி?"

நியாயமான கேள்வி. பதில் சற்று நீளம்.

இந்த வட்டாரத்துக்குக் கழிப்பறைப் பேச்சு புதிதல்ல. திறந்தவெளியில் மலம் கழிக்காத ஊர் என்று 2003இலேயே பெயர் எடுத்த தாண்டவம்பட்டி நமக்குப் பக்கத்து ஊர். அங்கே உழைத்த கிராமாலயா நிறுவனத்தின் எஸ். தாமோதரனுக்கு 2022இல் பத்மஸ்ரீ கிடைத்தது. முசிறியில் ஸ்கோப் நிறுவனத்தை நடத்திய சுப்புராமனுக்கு அதற்கு முந்தைய ஆண்டு கிடைத்தது. இரண்டு பேருமே திருச்சி மாவட்டத்துக்காரர்கள், இரண்டு பேருமே கழிப்பறைக்காக. வேறெந்த மாவட்டத்துக்கு இந்தப் பெருமை உண்டு என்று தெரியவில்லை. அவர்கள் நடந்து பார்த்த பாதையில்தான் நாமும் நடந்திருக்கிறோம்.

இனி குழிக்கு வருவோம். ஆழமான ஒற்றைக் குழி இருபது ஆண்டு தாங்கும் என்றே வைத்துக்கொள்வோம். இருபத்தோராவது ஆண்டு அதை யார் அள்ளுவது? ஊரில் இதுவரை யாரைக் கூப்பிட்டார்கள், எந்தத் தெருவிலிருந்து கூப்பிட்டார்கள் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். மனிதரைக் கொண்டு மலம் அள்ள வைப்பதையும், பாதுகாப்பில்லாமல் கழிவுத்தொட்டிக்குள் இறக்குவதையும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. அப்படி இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் சொன்னது. 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. தொகையை உயர்த்த வேண்டிய நிலை இருக்கிறது என்பதே வயிற்றைக் கலக்குகிறது. நம் சங்கத்தின் பணத்தில் தோண்டிய ஒரு குழிக்குள் என்றைக்காவது ஒரு மனிதர் இறங்க நேர்ந்தால் அது நாம் செய்த வேலையாகத்தான் இருக்கும். அதனால் ஆழக் குழிக்கு ஒரு ரூபாய்கூடத் தருவதில்லை என்று முதல் கூட்டத்திலேயே தீர்மானம் போட்டோம்.

இரட்டைக் குழியில் அந்த நிலை வராது. ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான ஆழம். சுவரில் செங்கலை இடைவெளி விட்டுக் கட்டுகிறோம், அடியில் பூசுவதில்லை. தண்ணீர் மண்ணுக்குள் சுவறிப் போகும், வாயுவும் மண்ணுக்குள்ளேயே அடங்கிவிடும். காற்றுக்குழாய் வைக்கவில்லையே என்று பல வீடுகளில் மேஸ்திரியோடு சண்டை நடந்தது. அது தேவையில்லை என்பதற்குக் காரணம் இதுதான். ஐந்தாறு பேர் உள்ள வீட்டில் ஒரு குழி நிரம்ப மூன்றிலிருந்து ஐந்து ஆண்டு ஆகும். நிரம்பியதும், இரண்டு குழிக்கும் வழி பிரிகிற நடுத்தொட்டியில் ஒரு வழியை அடைத்து இன்னொன்றைத் திறந்துவிட்டால் கழிவு அடுத்த குழிக்குப் போகும். மூடிய குழியை இரண்டு ஆண்டு தொடாமல் விட்டால் உள்ளே இருப்பது நாற்றமில்லாத, உதிரியான எரு. வீட்டுக்காரரே மண்வெட்டியால் அள்ளி வாழைக்குப் போடலாம்.

பீங்கானிலும் கவனம் வைத்தோம். சரிவு அதிகமான கிராமியக் கோப்பையும், நாற்றம் மேலே வராமல் 20 மில்லிமீட்டர் தண்ணீர் தேங்கி நிற்கும் வளைவும் பொருத்தியிருப்பதால் ஒன்றரை லிட்டர், இரண்டு லிட்டர் தண்ணீர் ஊற்றினால் போதும். கோடையில் குடிநீர்க் குழாயடியில் குடத்தோடு நிற்கிற வீட்டில், ஒரு தடவைக்கு ஒரு வாளி கேட்கும் கழிப்பறை விறகு போட்டு வைக்கும் அறையாகத்தான் முடியும். அப்படி முடிந்த பழைய கட்டடங்களைக் கணக்கெடுப்பின்போது வேண்டிய மட்டும் பார்த்தோம்.

ஆற்றோரத் தெருக்களில் மட்டும் வேறு முடிவு எடுக்க வேண்டி வந்தது. குழியின் அடிக்கும் நிலத்தடி நீருக்கும் இரண்டு மீட்டராவது இடைவெளி வேண்டும். காவிரியில் தண்ணீர் போகும் மாதங்களில் அங்கே கடப்பாரை போட்டாலே ஈரம் தட்டும். குழி வெட்டியிருந்தால் கழிவு நேராகக் கைப்பம்புக்குத்தான் போயிருக்கும். அந்த வீடுகளுக்குத் தரைக்கு மேலே அறை கட்டும் சூழல் நலக் கழிப்பறை அமைத்தோம். சிறுநீர் தனியே போகும், கால் கழுவும் தண்ணீர் தனியே செடிப்பாத்திக்குப் போகும். மலம் விழும் அறையில் ஒவ்வொரு முறையும் ஒரு கை சாம்பல். ஓர் அறை நிரம்பினால் அடுத்தது. முசிறி சாலியர் தெருவில் இந்த வகைப் பொதுக் கழிப்பறையைக் கட்டி, பயன்படுத்துகிறவரிடம் காசு வாங்காமல் அவருக்கே காசு கொடுத்த கதை இந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். "ஆத்தா, அடுப்புச் சாம்பலை அள்ளி எங்கதான் கொட்டுறீங்க? அதைக் கொஞ்சம் இங்க கொட்டுங்க" என்று நம் களப்பணிப் பெண்கள் வீட்டுக்கு வீடு உட்கார்ந்து பேசிப் பேசித்தான் அது நடந்தது. கேஸ் அடுப்பு வந்துவிட்ட வீடுகளில் சாம்பல் கிடைப்பதில்லை. அவர்கள் உலர்ந்த மண்ணும் சுண்ணாம்பும் கலந்து வைத்துக்கொள்கிறார்கள்.

கட்டியவர்களைப் பற்றிச் சொல்லாமல் போகக் கூடாது. வழக்கமான கொத்தனார்கள் குழிக்குள் சிமெண்ட் பூசாமல் கைவைக்க மாட்டேன் என்றார்கள். பூசினால்தான் வேலை என்பது அவர்கள் பழகிய முறை. அதனால் பல ஆண்டாகச் சித்தாளாகக் கலவை சுமந்த பெண்களையே தேர்ந்தெடுத்துக் கொத்துவேலைப் பயிற்சி கொடுத்தோம். தேனடைபோல் இடைவெளி விட்டுக் கல் வைப்பதில் அவர்கள் கை சுத்தம். இன்றைக்கு அவர்கள் கொத்தனார் கூலி வாங்குகிறார்கள், பக்கத்து ஊராட்சிகளிலிருந்தும் கூப்பிடுகிறார்கள். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மறுபடி சட்டி சுமக்க யாரும் போகவில்லை என்பதில் குழுவுக்கு மிகுந்த மகிழ்ச்சி.

பணம் வந்த வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். தூய்மை இந்தியா திட்டத்தில் ஒரு வீட்டுக்கு ஊக்கத்தொகை 12,000 ரூபாய். அது கட்டிய பிறகு கைக்கு வருகிற பணம். செங்கல் சூளைக்காரர் அதுவரை காத்திருக்க மாட்டார். அந்த இடைவெளியை மகளிர் குழுக்களின் உள்கடன் தாண்டவைத்தது. கோரைப்பாய் நெய்கிற பெண்கள் வாரா வாரம் பாய் விற்ற காசிலிருந்து தவணை கட்டினார்கள். பாய்க்கு வியாபாரி முன்பணம் கொடுத்து விலையைத் தானே வைத்துக்கொள்ளும் வழக்கத்தால் அந்தத் தவணை சில மாதம் இழுத்தது உண்மை. அதனால்தான் கோரையை அறுவடைக் காலத்தில் குழுவாகச் சேர்ந்து வாங்கி இருப்பு வைக்க ஒரு சுழல்நிதி ஒதுக்கினோம். கழிப்பறைப் பணத்தில் கோரை வாங்குவதா என்று கேட்டவர்களுக்கு: தவணை கட்ட வருமானம் இல்லாத வீட்டில் கழிப்பறை கூரையோடு நின்றுபோகும்.

நிலமில்லாத சில வீடுகளுக்கு இன்னும் இடம் கிடைக்கவில்லை. நத்தம் புறம்போக்கில் இடம் கேட்டு ஊராட்சிக்கு மனு கொடுத்திருக்கிறோம். அடுத்த கிராமசபையில் அந்தத் தெருப் பெண்களே எழுந்து பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். உள்ளூர் உறுப்பினர்கள் அன்றைக்குக் கட்டாயம் வந்து உடன் நிற்க வேண்டுகிறோம்.

பராமரிப்புக்கு: வீட்டு அட்டையின் பின்பக்கம் எந்தக் குழி எந்த மாதம் திறக்கப்பட்டது என்று எழுதியிருக்கிறது, அட்டையைத் தொலைக்க வேண்டாம். கோப்பையில் ஆசிட் ஊற்றினால் குழியில் மட்க வைக்கும் கிருமிகள் செத்துவிடும், தேய்ப்பானும் சிறிது சோப்புத்தூளும் போதும். நாப்கின், துணி எதையும் உள்ளே போட வேண்டாம். வளைவு அடைத்துக்கொண்டால் கோப்பையை உடைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். மழைத்தண்ணீரும் குளியல் தண்ணீரும் குழிக்குள் போகாமல் மண்மேடு அணைத்து வையுங்கள். குழி நிரம்பியது போலத் தெரிந்தால் வெளியாளைக் கூப்பிடாமல், உங்கள் தெருவின் பெண் கொத்தனாருக்குச் சொல்லி அனுப்புங்கள். வழியை மாற்றிவிட அரைமணி நேர வேலை. முதல் முறை மாற்றுவதற்குக் கூலியைச் சங்கமே கொடுக்கும்.

இப்படிக்கு,
நிர்வாகக் குழுவுக்காக, செயலாளர்