தோஹாவுக்கு டிக்கெட் எடுக்கும் முன்

தக்கலை

அன்புள்ள மகன் அஜினுக்கு அம்மா எழுதுவது.

இங்கே அப்பாவும் நானும் நலம். தோஹா கம்பெனியிலிருந்து வேலை உத்தரவு வந்துவிட்டது என்று ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னாய். அப்பா மகிழ்ந்து போனார். நான் அதிகம் பேசவில்லை என்று நீ கவனித்திருப்பாய். போனில் பேசக்கூடிய விஷயமில்லை என்பதால்தான் வாயை மூடிக்கொண்டேன். வாட்ஸாப்பில் அனுப்பாமல் தபாலில் அனுப்புவதற்கும் காரணம் இருக்கிறது, மக்களே. நிதானமாகப் படி.

நீ ஆண்களை விரும்புகிறவன் என்பதில் எனக்கும் அப்பாவுக்கும் எந்த வருத்தமும் இல்லை. அதை உன்னிடம் முன்பே சொல்லிவிட்டோம், இப்போதும் சொல்கிறேன். என் பயமெல்லாம் உன்னைப் போன்ற பிள்ளைகளுக்குப் பொறி வைப்பவர்களைப் பற்றியது.

போன மாதம் நம் பக்கத்தில் நடந்ததைக் கேள். யார் வீட்டுப் பையன் என்று எழுதமாட்டேன். கோர்ட்டில் வேலை பார்த்தவள் ஆயிற்றே, ஏதாவது வழி தெரியும் என்று அவனுடைய தாய் என்னிடம் வந்து அழுதாள். போனில் இருக்கும் ஒரு ஆப் வழியாக யாரோ ஒருவன் பையனிடம் நாள்கணக்கில் பேசியிருக்கிறான். டீக்கடையில் சந்திக்கலாம் என்று பையன் சொன்னதற்கு அவன் ஒத்துக்கொள்ளவில்லை. இருட்டிய பிறகு சொத்தவிளை கடற்கரைக்கு வா என்று அவனேதான் வற்புறுத்தி அழைத்திருக்கிறான். பையன் போய் நின்ற கொஞ்ச நேரத்தில் மஃப்டியில் இரண்டு பேர் பைக்கில் வந்து போனைப் பிடுங்கினார்கள். உள்ளே இருந்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார்கள். அப்பாவின் நம்பரை எடுத்து, திரையை அவன் முகத்துக்கு நேரே பிடித்து, “கூப்பிடட்டுமா?” என்று கேட்டார்கள். அவன் கணக்கில் இருந்த பணம் முழுவதும் அந்தப் போன் வழியாகவே போய்விட்டது. கேஸும் இல்லை, ரசீதும் இல்லை.

வந்தவர்கள் உண்மையான போலீஸ்தானா, வேஷம் போட்ட கும்பலா என்று அந்தப் பையனுக்கு இன்றுவரை தெரியாது. அவன் தாய்க்கும் தெரியாது. நான் இரண்டு நாள் இதையே யோசித்தேன். போலீஸ் இப்படிச் செய்யக்கூடியதுதான் என்று எல்லோரும் நம்புவதால்தானே வேஷக்காரனுக்கும் காரியம் நடக்கிறது! ஆகவே வந்தவன் யாராக இருந்தாலும், அவனுக்கு அந்த வழியைப் போட்டுக் கொடுத்தது காக்கிச் சட்டைதான்.

கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்த காலத்தில், சின்னச் சின்னக் குற்றங்களை அபராதத்தோடு முடிக்கும் பெட்டி கேஸ் நாள் எப்படியிருக்கும் என்று நான் வீட்டில் சொன்னதில்லை. காலையில் ஒரு கட்டுக் காகிதம் வரும். பொது இடத்தில் ஆபாசமாக நடந்துகொண்டார், பொதுமக்களுக்கு இடையூறு செய்தார் என்று ஒரே வாசகம் எல்லாவற்றிலும் இருக்கும். பெயரும் தகப்பன் பெயரும் மட்டும் மாறும். பார்த்ததாகச் சொல்லும் பொதுமக்கள் யார் என்று தேடினால், பிடித்த காவலரைத் தவிர ஒருவரும் இருக்கமாட்டார். வராந்தாவில் நின்று டபேதார் பெயரையும் தகப்பன் பெயரையும் சேர்த்து மூன்று முறை உரக்கக் கூப்பிடுவார். அந்தக் கூப்பாடு நான்காம் முறை கேட்டுவிடக் கூடாது என்பதற்காகவே சில ஆண்கள் ஓடி வருவார்கள். துண்டால் பாதி முகத்தை மறைத்துக்கொண்டு, கேட்டதற்கெல்லாம் ஆமாம் என்று சொல்லி, அபராதத்தைக் கட்டிவிட்டு, மீதிச் சில்லறையைக்கூட வாங்காமல் படியிறங்கிப் போவார்கள். குற்றம் செய்தவன் வாதாடுவதைப் பார்த்திருக்கிறேன். இவர்கள் வாதாடியதே இல்லை. பெயர் வெளியே தெரிவதைவிட அபராதம் மலிவு என்று அவர்களுக்குத் தெரியும். பிடித்தவர்களுக்கும் அது தெரியும்.

இதே கோர்ட்டுகளில் இன்னொரு வகைப் பொறியும் வரும். லஞ்ச ஒழிப்புப் போலீசார் வைக்கும் டிராப் கேஸ். ‘ரசாயனம் தடவிய ரூபாய் நோட்டுகள்’ என்று பேப்பரில் நீயும் படித்திருப்பாய். முதலில் லஞ்சம் கேட்கப்பட்ட ஆள் புகார் எழுதிக் கொடுக்க வேண்டும். அதன் மேல் வழக்குப் பதிவாகும். வேறு அரசு அலுவலகங்களிலிருந்து இரண்டு சாட்சிகளை வரவழைப்பார்கள். பினாப்தலின் பொடி தடவிய நோட்டுகளின் எண்களை அவர்கள் முன்னால் குறித்துக்கொள்வார்கள். வாங்கியவரின் விரல்களைச் சோடியம் கார்பனேட் கரைசலில் முக்கினால் தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறும். அந்தத் தண்ணீரைப் பாட்டிலில் ஊற்றி சீல் வைத்துக் கோர்ட்டுக்கு அனுப்புவார்கள். இத்தனை செய்தாலும், அந்த அதிகாரி லஞ்சம் கேட்டதும் வாங்கியதும் நிரூபணமாக வேண்டும், நோட்டு அவரிடம் கிடைத்தது மட்டும் போதாது. 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வும் இதை உறுதி செய்தது.

அந்தப் பொறியையும் இந்தப் பொறியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார், மக்களே. இங்கே புகார் கொடுத்தவர் யார்? பாதிக்கப்பட்டவர் யார்? முதலில் கேட்டது யார்? ஆசைகாட்டியதும் அழைத்ததும் இடத்தைக் குறித்ததும் பிடித்தவர்களின் ஆளேதான். வேலியைத் தாமே பிடுங்கி எறிந்துவிட்டு, மாடு உள்ளே வந்தது என்று பட்டியில் அடைப்பது எந்த ஊர் நியாயம்?

இது என் வாய்க்கு வந்த நியாயம் இல்லை. நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த அதே 1956ஆம் ஆண்டில், ராம்ஜனம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி விவியன் போஸ் எழுதியிருக்கிறார். ஒருவன் எப்படிப்பட்டவனாக இருந்தாலும், அவன் தாங்கும் சக்திக்கு மீறி ஆசைகாட்டி அவனைச் சட்டத்தை மீறவைக்கக் கூடாது, அதிலும் சட்டத்தைக் காக்க வேண்டியவர்களே அதைச் செய்யக்கூடாது என்பது அதன் சாரம். வக்கீல்கள் இதை மேற்கோள் காட்டும்போது டைப் செய்து டைப் செய்து எனக்கு மனப்பாடம். ஆனால் பெட்டி கேஸ் நாளில் இதை எடுத்துச் சொல்ல ஒரு வக்கீலும் இருந்ததில்லை.

உன் சித்தப்பாவிடம் பெயர் சொல்லாமல் இதைப் பேசிப் பார்த்தேன். பொது இடத்தில் அசிங்கம் நடந்தால் போலீஸ் சும்மா இருக்குமா என்று கேட்டார். இருக்க வேண்டாம். பீச்சிலோ பஸ் நிலையத்திலோ குடும்பங்கள் நடமாடும் இடத்தில் அப்படி நடக்கிறது என்றால், யூனிஃபார்ம் போட்ட ஒரு காவலர் டார்ச் லைட்டோடு இரண்டு தடவை நடந்தாலே நின்றுவிடும். தடுப்பதுதான் நோக்கம் என்றால் அது போதும். இந்த ஆப்களில் ஆசைகாட்டி வரவழைத்துப் பணம் பறிக்கும் கும்பல்களைப் பிடிக்க மஃப்டியில் ஆள் அனுப்பினால் நானே கும்பிடுவேன். அங்கே புகார் இருக்கிறது, பாதிக்கப்பட்டவன் இருக்கிறான். மிரட்டிப் பணம் பறிப்பது பெரிய குற்றம். அந்தத் தாயிடமும் அதைத்தான் சொன்னேன். அவள் புகார் கொடுக்கத் தயாராக இல்லை. அவளை நான் வற்புறுத்தவில்லை.

நம் ஊரில் மட்டும் நடக்கிறது என்று நினைத்துவிடாதே. 2006 ஜனவரியில் லக்னோவில் நான்கு பேரைக் கைது செய்தார்கள். பூங்காவில் பிடித்தோம் என்றது போலீஸ். உண்மை அறியச் சென்ற குழு கண்டதோ வேறு: ஒருவரைப் பிடித்துவைத்து, அவர் மூலமாகவே மற்றவர்களைப் போனில் கூப்பிட்டு வரவழைத்திருக்கிறார்கள். அமெரிக்காவிலும் இப்படித்தான் பல காலம். 1952இல் லாஸ் ஏஞ்சல்ஸில் டேல் ஜென்னிங்ஸ் என்பவரை மஃப்டி போலீஸ் ஒருவர் வீடுவரை பின்தொடர்ந்து வந்து கைது செய்தார். அந்தக் காலத்தில் எல்லோரும் அபராதம் கட்டி ஓடினார்கள். அவர் ஓடவில்லை. ஆமாம், நான் தன்பாலின ஈர்ப்பு உள்ளவன்தான், ஆனால் நீங்கள் சொல்லும் குற்றத்தைச் செய்யவில்லை என்று கோர்ட்டில் நின்று சொன்னார். ஜூரிகளில் பதினொரு பேர் அவர் பக்கம், ஒருவர் மட்டும் எதிர்ப்பு. கடைசியில் வழக்கே கைவிடப்பட்டது. அந்தப் பன்னிரண்டு பேரும் சாதாரணக் குடிமக்கள் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் தைரியம் வருகிறது. 2016இல் அதே பக்கத்து லாங் பீச் நகரில், போலீஸ் ஆண்களை நாடும் ஆண்களை மட்டுமே குறிவைத்துப் பொறி வைத்திருக்கிறது, இது பாகுபாடு என்று ஒரு நீதிபதி தீர்ப்பளித்தார்.

இங்கே உனக்குச் சட்டம் துணை இருக்கிறது. இதைக் குற்றமாக்கி வைத்திருந்த இந்தியத் தண்டனைச் சட்டம் 377ஆம் பிரிவின் பல்லை 2018 செப்டம்பர் 6ஆம் தேதி உச்ச நீதிமன்றம் பிடுங்கியது. வயது வந்த இருவர் மனமொத்துத் தனிமையில் இருப்பது குற்றமில்லை. அந்தத் தீர்ப்பில் நீதிபதி இந்து மல்ஹோத்ரா, வரலாறு இவர்களிடமும் இவர்களுடைய குடும்பத்தாரிடமும் மன்னிப்புக் கேட்கக் கடமைப்பட்டிருக்கிறது என்று எழுதினார். குடும்பத்தாரையும் அவர் சேர்த்திருந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தப் பிரிவே கிடையாது. அதற்கு முன்பே 2021 ஜூன் 7இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், மதுரையிலிருந்து சென்னைக்குப் போய்ச் சேர்ந்து வாழ்ந்த இரண்டு பெண்களின் வழக்கில் போலீஸ் தொந்தரவைத் தடுக்க உத்தரவிட்டார். இந்த விஷயத்தைத் தாமே சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும் என்று ஓர் உளவியல் நிபுணரிடம் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டார் அந்த மனிதர். அந்த வழக்கின் தொடர்ச்சியாகத்தான் தமிழ்நாடு காவலர் நடத்தை விதிகளில் 24-சி என்று ஒரு விதியை 2022இல் சேர்த்தார்கள். உன்னைப் போன்றவர்களை எந்தக் காவலரும் தொந்தரவு செய்யக்கூடாது என்பதுதான் அது.

பெங்களூரில் இருந்தாலும் ஊருக்கு வந்தாலும் இவற்றை மறக்காதே. யாராவது பிடித்தால் எந்த ஸ்டேஷன், என்ன காரணம் என்று கேள். கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும், வீட்டுக்குத் தகவல் கொடுக்க வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். போலீஸிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது. வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போடாதே. பணம் அனுப்பாதே, ஒரு தடவை அனுப்பினால் மறுபடியும் கேட்பார்கள். இலவச சட்ட உதவிக்கு 15100 என்ற எண் இருக்கிறது. அப்பாவைக் கூப்பிடுவேன் என்று மிரட்டினால், கூப்பிடுங்கள் என்று சொல். அப்பாவிடம் பேசிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். நடுராத்திரியானாலும் எடுப்பேன் என்று சொல்லச் சொன்னார்.

ஆனால் தோஹாவில் இதில் ஒன்றும் உனக்கு உதவாது. அங்கே இது இன்றும் குற்றம். 2024 பிப்ரவரியில் என்ன நடந்தது என்று பார். மெக்சிகோவில் பிறந்த ஒரு பிரிட்டிஷ் குடிமகன், பல வருடங்களாகத் தோஹாவில் விமானக் கம்பெனி வேலையில் இருந்தவர். ஆப் வழியாக ஒருவர் சந்திக்கலாம் என்று பேசியிருக்கிறார். வரவேற்கக் கீழே இறங்கி வந்தவர் முன் நின்றது போலீஸ். போதைப்பொருள் வைத்திருந்தார் என்பதுதான் வழக்கு என்றது அரசு. அதை அங்கே வைத்ததே போலீஸ்தான் என்றார் அவர். சிறையில் அவருடைய அன்றாட மருந்தைக்கூட ஒழுங்காகக் கொடுக்கவில்லை என்று குடும்பத்தார் சொன்னார்கள். ஜூன் மாதம் ஆறு மாத நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை, 10,000 ரியால் அபராதம், நாடு கடத்தல். அவருக்காக லண்டனில் குரல் எழுந்தது, பத்திரிகைகள் எழுதின. தக்கலையிலிருந்து போன ஒரு பையனுக்கு அப்படிக் குரல் கொடுக்க யார் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

போக வேண்டாம் என்பதுதான் என் எண்ணம். வீட்டுக் கடனை நினைத்துப் போகிறாய் என்றால் அது தேவையே இல்லை. ரப்பர் விலை முன்னே பின்னே இருந்தாலும் வெட்டு நடக்கிறது, எங்கள் இருவர் பென்ஷனும் வருகிறது. மாதத் தவணையை நாங்கள் பார்த்துக்கொள்வோம். வேலை பிடித்திருக்கிறது, வளர்ச்சி இருக்கிறது என்று நீ சொன்னால், அது உன் வாழ்க்கை, தடுக்கமாட்டேன். அப்படியானால் விமானம் ஏறும் முன் போனைத் துடைத்துச் சுத்தமாக்கு. ஆப், படம், பழைய பேச்சு எதுவும் இருக்கக்கூடாது. அங்கே போய்ப் புதிதாக எதையும் இறக்காதே. முன்பின் தெரியாதவன் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் பதில் போடாதே. உன்னைப் பூட்டிவைக்க எனக்கு ஆசை இல்லை, மக்களே. இப்படி எழுத வேண்டியிருக்கிறதே என்று மனம் கொதிக்கிறது. இருபத்தேழு வயதுப் பிள்ளை ஒருவரைச் சந்திப்பதற்கு ஒரு தாய் இவ்வளவு எச்சரிக்கை எழுத வேண்டியிருப்பது அநியாயம்.

இந்தக் கடிதத்தைப் பெங்களூரிலேயே விட்டுவிட்டுப் போ, பெட்டியில் வைக்காதே.

அட்டெஸ்டேஷனுக்காக நீ கேட்ட சான்றிதழ்களை எடுத்து வைத்திருக்கிறேன். படித்து முடித்துவிட்டு, யோசித்து, அனுப்புங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் மறுநாளே கூரியரில் போடுகிறேன். சொல்லும் வரை போடமாட்டேன்.

அன்புடன்,
அம்மா