இரண்டு எச்.பி. என்று விற்ற கம்ப்ரசருக்குள் இரண்டு எச்.பி. இல்லை

நாள்: 18.11.2024
சோமனூர்

பெறுநர்
வாடிக்கையாளர் குறைதீர் மேலாளர் அவர்கள்

பொருள்: 50 லிட்டர் டேங்க் ஏர் கம்ப்ரசர், ஸ்டிக்கரில் உள்ள அளவுக்குக் காற்று தராதது, பணத்தைத் திருப்பிக் கேட்பது தொடர்பாக.

ஐயா,

வணக்கம். கடந்த செப்டம்பர் 9-ம் தேதி கோவையிலுள்ள உங்கள் டீலரிடம் 17,800 ரூபாய் கொடுத்து இந்தக் கம்ப்ரசரை வாங்கினேன். தறி ஷெட்டுகளில் 22 வருஷம் ஃபிட்டராக இருந்தவன் நான். காற்றால் நூலைச் செலுத்தும் ஏர்ஜெட் தறிக்குக் காற்று குறைந்தால் துணி என்ன ஆகும் என்று பார்த்துப் பழகியவன். அதனால் கடைக்குப் போகும்போதே என் ஸ்ப்ரே கன்னின் டப்பாவையும் எடுத்துப் போயிருந்தேன். 3 பார் அழுத்தத்தில் 6 சி.எஃப்.எம். (நிமிஷத்துக்கு 6 கன அடி) காற்று வேண்டும் என்று அதில் அச்சிட்டிருக்கிறது. கவுண்டரில் இருந்த தம்பியிடம் அதைக் காட்டித்தான் கேட்டேன். "ஏனுங்ணா, ரெண்டு எச்.பி.ங்க, 6.6 சி.எஃப்.எம். போட்டிருக்குது பாருங்க. கதவு என்னங்ணா, காரே அடிக்கலாமுங்க" என்றார். டேங்கின் மேல் ஒட்டிய ஸ்டிக்கரும் அதையேதான் சொன்னது. நம்பி ஏற்றி வந்தேன்.

தை மாசம் என் மகன் வீட்டில் பால் காய்ச்சுகிறோம். ஏழு கதவுக்கும் தலைவாசலுக்கும் நானே வீட்டுப் பட்டறையில் பி.யு. (பாலியூரித்தேன்) பாலிஷ் அடிப்பது என்று முடிவு செய்திருந்தேன். முதல் கதவிலேயே தெரிந்துவிட்டது. ரெகுலேட்டரில் 3 பார் வைத்து அடிக்க ஆரம்பித்தேன். மேல் பலகை முடிந்து நடுச்சட்டத்துக்கு வரும்போது மூன்று நிமிஷம் ஆகியிருக்கும். விசிறி மாதிரி விரிந்து வந்த பாலிஷ் நடுவில் ஒடுங்கிக் கோடாகி, அப்புறம் புகையாக வர வேண்டியது துளித்துளியாகத் தெறித்தது. கேஜைப் பார்த்தால் டேங்கின் முள் 8-லிருந்து 3-க்குக் கீழே இறங்கிக் கிடக்கிறது. மோட்டாரோ நிற்காமல் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. காய்ந்ததும் தேக்கின் மேல் ஆரஞ்சுத் தோல் மாதிரி புள்ளி புள்ளியாக நின்றது. 320 நம்பர் பேப்பர் போட்டு அத்தனையும் தேய்த்து எடுத்தேன். இரண்டாவது முறை, ஓட ஆரம்பித்த 14-வது நிமிஷத்தில் லோடு மிஞ்சினால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோடு சுவிட்ச் விழுந்து கம்ப்ரசர் நின்றுவிட்டது. அது ஆறுவதற்குள் ஹார்டனர் கலந்து வைத்திருந்த பாலிஷ் கப்பிலேயே இறுகிப்போனது.

உங்கள் சர்வீஸ் ஆளிடம் சொன்னபோது, "உங்க ஊர்ல வோல்டேஜ் கம்மியா இருக்கும், எக்ஸ்டென்ஷன் ஒயர்ல போட்டிருப்பீங்க" என்றார். இரண்டும் இல்லை. டி.பி.யிலிருந்து (வீட்டு மின் பகிர்வுப் பெட்டி) 2.5 சதுர மி.மீ. ஒயர் நேராக 16 ஆம்பியர் பிளக்குக்கு வருகிறது. ஓடும்போது பிளக்கில் 230 வோல்ட் இருந்தது. ஆயிலும் மட்டக் கண்ணாடியில் சரியாக இருக்கிறது. அன்றாடம் வேலை முடிந்ததும் அடி வால்வைத் திறந்து தண்ணீர் வடித்து வைக்கிறேன். என் பக்கம் விட்டுப்போனது எதுவும் இல்லை.

கம்ப்ரசரை எடுத்துப் போய் 19 நாள் கழித்து, ரீட் வால்வு (சிலிண்டருக்குள் காற்றை விட்டு அடைக்கும் மெல்லிய தகடு) மாற்றியதாகச் சொல்லிக் கொண்டு வந்தார்கள். அதே கதைதான். அதன் பிறகு நானே அளந்தேன். அந்த அளவுகளை நீங்கள் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

வெளியே போகும் வால்வை மூடிவிட்டு, டேங்க் 4 பாரிலிருந்து 6 பாருக்கு ஏற எத்தனை நொடி ஆகிறது என்று மூன்று முறை பார்த்தேன். 64, 66, 65. ஒரு பார் ஏற ஒரு டேங்க் அளவு வெளிக்காற்று வேண்டும். 50 லிட்டர் டேங்கில் 2 பார் ஏறுகிறது என்றால் உள்ளே போனது 100 லிட்டர் வெளிக்காற்று. 65 நொடிக்கு 100 லிட்டர் என்றால் நிமிஷத்துக்கு 92 லிட்டர். ஒரு சி.எஃப்.எம். என்பது 28.3 லிட்டர். ஆக உங்கள் கம்ப்ரசர் தருவது 3.3 சி.எஃப்.எம். சூடாக உள்ளே போகும் காற்று ஆறினால் முள் இன்னும் கொஞ்சம் இறங்கும். அதனால் உண்மையான அளவு இதைவிடக் குறைவாக இருக்குமே தவிரக் கூடாது.

பிறகு 6.6 எங்கிருந்து வந்தது? அதற்கும் விடை கிடைத்தது. சர்வீஸ் ஆள் என் கண்முன்னே சிலிண்டரின் மூடியான ஹெட்டைக் கழற்றியபோது வெர்னியர் வைத்துப் பார்த்தேன். சிலிண்டர் விட்டம் 47 மி.மீ., பிஸ்டன் ஓடும் தூரமான ஸ்ட்ரோக் 38 மி.மீ., பெயர்ப்பலகையில் சுற்று 2850. மூன்றையும் வைத்துக் கணக்குப் போட்டால் நிமிஷத்துக்கு 188 லிட்டர், அதாவது சரியாக 6.6 சி.எஃப்.எம். பிஸ்டன் ஏறி இறங்கும் இடத்தின் கன அளவைத்தான் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள், ஹோஸில் வரும் காற்றை அல்ல. ஹெட்டில் மிச்சம் நிற்கும் காற்று, வால்வில் கசிவு, சூடு எல்லாம் கழிந்துதான் வாடிக்கையாளன் கைக்கு வரும் என்பது கம்ப்ரசர் செய்கிற உங்களுக்குத் தெரியாததா? ஸ்ப்ரே கன் செய்கிறவர்கள் கேட்பது கைக்கு வரும் காற்றை. இரண்டையும் ஒரே பெயரில் எழுதினால் என்னைப் போன்றவன் எப்படிப் பொருத்திப் பார்த்து வாங்குவது?

எச்.பி.யும் (மோட்டாரின் குதிரைத் திறன்) அப்படித்தான் இருக்கிறது. டேங்க் நிரம்பி மோட்டார் கட்-ஆஃப் ஆவதற்குக் கொஞ்சம் முன்பு, லோடு அதிகமாக இருக்கும் நேரத்தில் ஒயரைக் கவ்வி ஆம்பியர் காட்டும் கிளாம்ப் மீட்டர் வைத்தேன். 5.8 ஆம்பியர். பவர் ஃபேக்டர் (இழுக்கும் மின்சாரத்தில் வேலைக்கு ஆகும் பங்கு) முழுசாக ஒன்று என்றே வைத்துக்கொண்டாலும் 230 வோல்ட்டுக்கு 1334 வாட். இரண்டு எச்.பி. மோட்டார் ஷாஃப்டில் (சுழலும் தண்டில்) தர வேண்டியது 1492 வாட். வெளியே வர வேண்டியதைவிட உள்ளே போவதே குறைவாக இருக்கும்போது அதை இரண்டு எச்.பி. என்று எப்படி எழுதினீர்கள்? மோட்டாரும் பம்ப்செட்டும் செய்து நாலு திசைக்கும் அனுப்புகிற கோயமுத்தூரில் இதை விற்றிருப்பதுதான் எனக்கு மனசு ஆறவில்லை. இங்கே பெயர்ப்பலகை என்றால் வாக்கு கொடுத்த மாதிரி.

கடைசியாக உங்கள் அலுவலகத்தில் பேசியவர், ஸ்ப்ரே அடிப்பது "வியாபாரப் பயன்பாடு", வாரண்டி கிடையாது என்றார். நான் அடித்தது என் மகன் வீட்டுக் கதவுக்கு. உங்கள் விளம்பர நோட்டீஸிலேயே ஒருவர் இதே கம்ப்ரசரை வைத்து பீரோவுக்குப் பெயின்ட் அடிக்கிறார். டயருக்குக் காற்று நிரப்பவும் தூசி ஊதவும் ஆணி கன்னுக்கும் இது போதும், அதை நான் மறுக்கவில்லை. அதற்கு மட்டும்தான் என்று சொல்லியிருந்தால் நான் இன்னும் கொஞ்சம் பணம் சேர்த்து பெல்ட்டால் ஓடும் பெல்ட் டிரைவ் கம்ப்ரசராகவே வாங்கியிருப்பேன்.

எனக்கு வேண்டியது இதுதான். கம்ப்ரசரை எடுத்துக்கொண்டு 17,800 ரூபாயையும், கொண்டு வந்த வண்டி வாடகை 600 ரூபாயையும் திருப்பித் தாருங்கள். இன்னொரு ரிப்பேர் வேண்டாம். இதே மாடல் மாற்றுக் கம்ப்ரசரும் வேண்டாம். இனி விற்கும் டேங்குகளில் கைக்கு வரும் காற்று எத்தனை பாரில் எவ்வளவு, தொடர்ந்து எத்தனை நிமிஷம் ஓட்டலாம் என்ற இரண்டையும் தமிழில் அச்சிடுங்கள். அடுத்து வாங்குகிறவருக்காக இதைக் கேட்கிறேன்.

15 நாளுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு செய்துவிட்டு, 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம் என்று அந்தச் சட்டத்தில் இருக்கிறது. நீங்கள் யாரையாவது அனுப்பினால் அவர் முன்னாலேயே மறுபடி அளந்து காட்டத் தயார். ஸ்டாப் வாட்சும் கிளாம்ப் மீட்டரும் அவரே கொண்டு வரட்டும்.

பில் நகல், சர்வீஸ் சீட்டு, மீட்டர் அளவுகளின் படங்கள், முதல் கதவின் படம் ஆகியவற்றை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்