எச்சில் வாங்கி ரிப்போர்ட் தருபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மரபணுப் பரிசோதனை விற்கும் நிறுவனத்தாருக்கு, வணக்கம்.

என் மச்சானுக்கு 44 வயது. உங்களைப் போன்ற ஒரு நிறுவனத்தின் டப்பாவில் எச்சில் துப்பி அனுப்பினார். மூன்று வாரம் கழித்து வாட்ஸ்அப்பில் 24 பக்க பிடிஎஃப் வந்தது. இதய நோய்ப் பக்கத்தில் சிவப்புப் பட்டை: 'அபாயம் அதிகம்'. அதன் கீழே பொடி எழுத்தில் சிடிகேஎன்2பி என்று ஒரு பெயர். மனுஷன் அதைப் போனில் தேட, புற்றுநோயைத் தடுக்கும் மரபணு என்று வந்திருக்கிறது. இரவு ஒன்றரை மணிக்கு என்னைக் கூப்பிட்டு, "மாப்ள, எனக்கு ஹார்ட்டா, கேன்சரா?" என்றார்.

நான் கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்துகிறவன். அன்று விடிய விடிய வகுப்புதான்.

9ஆம் குரோமோசோமின் குட்டைக் கையில் சிடிகேஎன்2ஏ, சிடிகேஎன்2பி என்ற இரண்டு மரபணுக்களும் அடுத்தடுத்து இருக்கின்றன. செல் கண்டபடி பெருகாமல் பிரேக் போடுவது இவற்றின் வேலை. மாரடைப்போடு தொடர்புள்ள ஒரு டிஎன்ஏ மாறுபாட்டை 2007இல் ஐஸ்லாந்திலும் கனடாவிலும் இரண்டு குழுக்கள் தனித்தனியாகக் கண்டுபிடித்தது இவற்றின் பக்கத்தில்தான். பக்கத்தில், உள்ளே அல்ல. மச்சானின் பிரேக் அறுந்துவிடவில்லை.

பிரேக்குக்கும் ரத்தக்குழாய்க்கும் என்ன உறவு? ரத்தக்குழாய்ச் சுவரில் கொழுப்பு படிந்த இடத்தில் சாகும் செல்கள், 'என்னைத் தின்றுவிடு' என்று ஓர் அடையாளம் காட்டும். துப்புரவுச் செல்கள் வந்து விழுங்கிவிடும். சிடிகேஎன்2பி இல்லாத எலிகளில் அந்த அடையாளம் மங்கியது. பிணங்கள் அள்ளப்படாமல் குவிந்து, படிவு பெருத்தது. மனிதரிலும் இதேதானா என்ற முடிச்சு இன்னும் முழுசாக அவிழவில்லை.

சரி, அபாயம் எவ்வளவு? ஐஸ்லாந்துக் குழுவின் கணக்கில், மாறுபாட்டை அப்பா அம்மா இருவரிடமும் பெற்றவர்கள் 100க்கு 21 பேர். அது இல்லாதவர்களைவிட இவர்களுக்கு மாரடைப்பு வாய்ப்பு 1.64 மடங்கு. அதுவும் ஐரோப்பிய வம்சாவளியினரை வைத்துப் போட்ட கணக்கு. ஐந்தில் ஒருவரிடம் இருக்கிற சமாசாரத்துக்கா அந்தச் சிவப்பு?

வியாபாரத்தை நிறுத்தச் சொல்லவில்லை. இந்த மாறுபாடு நூற்றுக்கு எத்தனை பேருக்கு இருக்கிறது என்று அதே பக்கத்தில் போடுங்கள். மரபணுவின் பெயரைப் போட்டால், இது புற்றுநோய் ரிப்போர்ட் அல்ல என்று தமிழில் ஒரு வரி எழுதுங்கள். பிடிஎஃப் அனுப்பும் முன், விவரம் தெரிந்த ஒருவர் போனில் பேசட்டும். காசு வாங்கத் தெரிந்தவர்களுக்கு இது பெரிய செலவில்லை.

அப்புறம், மறுநாள் காலை மச்சானைத் தெருமுனை கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனேன். பிரஷர் 160/100. ராத்தூக்கம் கெட்டதால் இருக்கலாம் என்று டாக்டர் ஒரு வாரம் கழித்து மறுபடி பார்த்தார். அப்போதும் அதே கதைதான். இப்போது மாத்திரை சாப்பிடுகிறார். அந்த 24 பக்கத்தையும் நான் இரண்டு முறை புரட்டினேன். பிரஷர் பாருங்கள் என்று எங்கேயும் இல்லை.

இப்படிக்கு,
ஒரு மச்சானின் மாப்பிள்ளை