கயல்விழியின் மேற்படிப்பு: சுந்தரத்துக்கு ஒரு கடிதம்

செர்டாங்,
மலேசியா

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் மனசு ஆறியது. அவரைக் கொஞ்ச நாள் அடுப்படிப் பக்கம் விடாதே. சொன்னால் கேட்க மாட்டார், தங்கச்சியை விட்டு அதட்டச் சொல். இங்கே எல்லோரும் நலம். பெரியவன் பினாங்குக்கு மாற்றலாகிப் போய்விட்டதால் வீட்டில் நானும் மீனாவும்தான். அவன் அறை காலியாகக் கிடக்கிறது.

உன் மகள் கயல் விவசாயம்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள் என்று கொஞ்சம் வருத்தத்தோடு எழுதியிருக்கிறாய். எனக்கு அதைப் படித்ததும் சந்தோஷம்தான் வந்தது. பத்தாம் வகுப்பு விடுமுறையில் இங்கே வந்திருந்தபோது அந்தப் பெண் தோட்டம் தோட்டமாகச் சுற்றி, எண்ணெய்ப் பனைக் குலையைத் தூக்கிப் பார்த்து, வேலை செய்கிறவர்களிடம் கேள்வி மேல் கேள்வி கேட்டதை நான் கூடவே இருந்து பார்த்தேன். இது இரண்டு மாதத்தில் மாறுகிற ஆசை இல்லை.

தென்கிழக்கு ஆசியாவில் எந்த நாட்டில் செலவு குறைவு என்று ஒரே வரியில் கேட்டுவிட்டாய். அந்தக் கேள்வியை இரண்டாவதாக வை. முதலில் அவளை உட்கார வைத்து, எந்தப் பயிர் என்று கேள். நெல்லா, மரப்பயிரா, மீன் வளர்ப்பா, அறுவடைக்குப் பிந்தைய உணவுத் தொழில்நுட்பமா? விவசாயத்தைப் பொறுத்தவரை இந்தப் பக்கத்து நாடுகள் ஒவ்வொன்றிலும் பெயர் பெற்ற ஓர் இடம் இருக்கிறது; ஆனால் ஒவ்வொன்றின் பலமும் வேறு. இரண்டாயிரம் மலேசிய ரிங்கிட் மிச்சமாகிறதே என்று அவளுக்கு வேண்டாத பயிருள்ள ஊரில் நான்கு வருடம் உட்கார வைத்தால், கட்டியது எல்லாமே வீண் செலவு.

நெல் என்று சொன்னால் யோசிக்கவே வேண்டாம், பிலிப்பைன்ஸ்தான். மணிலாவுக்குத் தெற்கே சுமார் 60 கிலோமீட்டரில், மக்கிலிங் மலையடியில் லோஸ் பன்யோஸ் என்று ஓர் ஊர். உன் அப்பா வயலில் போட்டாரே ஐ.ஆர்.8 நெல் ரகம், அது பிறந்த இடம் அதுதான். 1960-இல் அங்கே சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவினார்கள், 1966-இல் ஐ.ஆர்.8 வெளியே வந்தது. நம் எம்.எஸ்.சுவாமிநாதன் 1982 முதல் 1988 வரை அதன் தலைமை இயக்குநராக இருந்தவர். அங்குள்ள மரபணு வங்கியில் 1,30,000-க்கும் மேற்பட்ட நெல் மாதிரிகளைக் குளிர்சாதன அறைகளில் பாதுகாக்கிறார்கள். அதை ஒட்டியே, 1909-இல் வேளாண் கல்லூரியாகத் தொடங்கிய பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்தின் லோஸ் பன்யோஸ் வளாகம். பாடம் ஆங்கிலத்தில் நடக்கும். தெருவிலும் கடையிலும் ஆங்கிலத்தை வைத்துச் சமாளித்துவிடலாம். ஒரு மாணவிக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்பது போய் இறங்கிய முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும்.

ஒன்று மட்டும் கவனி. பிலிப்பைன்ஸ் அரசுப் பல்கலைக்கழகங்களில் இளநிலைப் படிப்புக்குக் கட்டணமே இல்லை என்று யாராவது உன்னிடம் சொல்வார்கள். 2017-இல் வந்த சட்டம் அது; அந்நாட்டுக் குடிமக்களுக்கு மட்டும்தான். வெளிநாட்டுப் பிள்ளைகள் கட்ட வேண்டும். அப்புறம், புயல் அடிக்கடி வரும் நாடு அது. மழைக்காலத்தில் வகுப்புகள் நிற்பதும் கரண்ட் போவதும் சகஜம்.

மரப்பயிர் என்றால் என் வீட்டு வாசலுக்கே வரட்டும். செர்டாங்கில் இருக்கும் புத்ரா பல்கலைக்கழகம் 1931-இல் வேளாண் பள்ளியாகத் தொடங்கியது, 1971-இல் பல்கலைக்கழகமானது. இங்கேயே மார்டி எனப்படும் வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமையகம் இருக்கிறது. பனை எண்ணெய் வாரியம் பக்கத்துப் பாங்கியில். ரப்பர், எண்ணெய்ப் பனை, டுரியான், கோக்கோ, மிளகு எதைப் படிப்பதானாலும் வண்டியில் ஏறினால் தோட்டத்துக்கே போய்ப் பார்த்துவிட்டு வரலாம். நம் தாத்தா பாட்டி காலத்து ஆட்கள் கப்பலேறி வந்து பால்மரம் சீவிய மண் இது. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் பலர் இன்றைக்கு இங்கே தோட்ட மேலாளராகவும் விஞ்ஞானியாகவும் இருக்கிறார்கள். கயல் அதே மரத்தைப் படிக்க வருகிறாள் என்றால் எனக்கு ஏற்படும் பெருமிதத்தை மறைக்க மாட்டேன்.

ஆனால் ஆசையில் உன்னை அவசரப்படுத்தக் கூடாது. இங்கே அரசுப் பல்கலைக்கழகங்களில் இளநிலையில் எல்லாப் படிப்பும் வெளிநாட்டவருக்குத் திறந்திருப்பதில்லை. சில பாடங்கள் மலாயில் நடக்கும். அதனால் இணையதளத்தில் ஆங்கிலத்தில் போட்டிருப்பதை மட்டும் நம்பாமல், துறைக்கே மின்னஞ்சல் எழுதி, முதல் வருடம் முதல் நான்காம் வருடம் வரை எந்தப் பாடம் எந்த மொழியில் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கு. நான் நேரில் போயும் விசாரிக்கிறேன்.

மற்ற நாடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தாய்லாந்தில் பாங்காக்கின் கசேத்சார்த் பல்கலைக்கழகம் 1943-இல் தொடங்கியது. வெப்பமண்டல வேளாண்மையில் ஆங்கிலவழி இளநிலைப் படிப்பே இருக்கிறது. ஆனால் அங்கே ஆங்கிலவழிப் படிப்புக்குத் தாய்லாந்து மொழிவழிப் படிப்பைவிடக் கட்டணம் நன்றாகவே கூடுதல். தெருவில் எழுத்தே வேறு. இந்தோனேசியாவின் போகோர் வேளாண் பல்கலைக்கழகம் அருமையான இடம். 1817-இல் அமைத்த தாவரவியல் பூங்கா அந்த ஊரில்தான் இருக்கிறது. 1848-இல் அங்கே நட்ட சில கன்றுகளிலிருந்து வந்தவைதான் இந்த வட்டாரத்து எண்ணெய்ப் பனைத் தோட்டங்கள். ஆனால் இளநிலை வகுப்புகள் பெரும்பாலும் இந்தோனேசிய மொழியில். மேற்படிப்புக்குப் போகும்போது பார்க்கலாம். வளரும் நாட்டு மாணவர்களுக்கு அரசே தரும் உதவித்தொகையும் அதற்கு உண்டு. மீன், இறால் வளர்ப்பு என்று கயல் சொன்னால் வியட்நாமின் மேகாங் கழிமுகத்தில் இருக்கும் கன்தோ பல்கலைக்கழகத்தைப் பார். மீன் வளர்ப்பிலும் உயிரித் தொழில்நுட்பத்திலும் ஆங்கிலவழி வகுப்பு வைத்திருக்கிறார்கள், வாழ்க்கைச் செலவும் குறைவு. சிங்கப்பூரை இந்தக் கணக்கில் சேர்க்காதே. அரசு மானியத்தோடு படித்தால் முடித்ததும் 3 வருடம் அங்கே வேலை செய்ய வேண்டும் என்ற ஒப்பந்தம் உண்டு. அறை வாடகையோ கைமீறிப் போகும்.

சரி, பணத்துக்கு வருகிறேன். பக்கத்து அடுக்குமாடியில் திருச்சிப் பையன் ஒருவன் தனியார் கல்லூரியில் படிக்கிறான். போன மாதம் அவனுடைய கட்டணத் தாளை எடுத்துக்கொண்டு இருவரும் மேசையில் உட்கார்ந்து வரி வரியாகப் பார்த்தோம். சேரும்போது ஏஜென்ட் சொன்னது பாடக்கட்டணம் மட்டும். அதன் கீழே பதிவுக் கட்டணம், ஆய்வகக் கட்டணம், மருத்துவக் காப்பீடு, மாணவர் பாஸ் (படிப்பதற்காக நாட்டில் தங்கும் அனுமதி) கட்டணம், வைப்புத்தொகை என்று வரிசை நீள்கிறது. மாணவர் பாஸை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். அதற்குக் குறைந்தது 80 விழுக்காடு வருகையும் 4-க்கு 2.0 மதிப்பெண் சராசரியும் இருக்க வேண்டும். தவறினால் நாட்டில் தங்குவதே சிக்கலாகிவிடும். போதாக்குறைக்கு 2025 ஜூலை 1 முதல் தனியார் உயர்கல்வியில் வெளிநாட்டு மாணவர் கட்டணத்தின் மேல் 6 விழுக்காடு சேவை வரி. இதையெல்லாம் கூட்டிப் போட்டதும் அந்தப் பையன் முகம் வாடிப்போய்விட்டது. அவன் அப்பா ஆட்டோ ஓட்டுகிறவர். ஒரு குடும்பத்தின் பத்து வருடச் சேமிப்பை வைத்துக்கொண்டு பாதிக் கணக்கை மட்டும் சொல்வது எனக்குப் பொறுக்கவில்லை.

அதனால் எந்த நாடானாலும் முழுப் படிப்புக்கும் ஆகிற மொத்தச் செலவை ஒரே தாளில் எழுது. நாணய மதிப்பையும் மறக்காதே. 2024 பிப்ரவரியில் ரிங்கிட் டாலருக்கு எதிராக 1998-க்குப் பிறகு இல்லாத அளவு விழுந்தது. அப்போது ஒரு ரிங்கிட் 17 ரூபாயைச் சுற்றி இருந்தது. அதற்குப் பிறகு 20-ஐத் தாண்டிவிட்டது. அந்த 17 ரூபாயை நம்பிக் கணக்குப் போட்டு வந்தவர்களுக்கு ஒவ்வொரு தவணைக்கும் கூடுதலாகக் கடன் வாங்க வேண்டியிருக்கிறது. நீ ஐந்தில் ஒரு பங்கு அதிகமாகவே வைத்துப் போடு.

பகுதிநேர வேலை செய்து சமாளித்துக்கொள்வாள் என்று எண்ணாதே. இங்கே மாணவர்கள் பருவ விடுமுறையிலோ 7 நாளுக்கு மேற்பட்ட விடுப்பிலோதான், அதுவும் அனுமதி வாங்கி, வாரத்துக்கு 20 மணி நேரம்வரை, குறிப்பிட்ட சில வேலைகளை மட்டும் செய்யலாம். அந்தப் பணம் கைச்செலவுக்குத்தான் காணும்.

இன்னொன்று. அவள் இந்தியா திரும்பி மேற்படிப்போ அரசு வேலையோ பார்ப்பதானால் பட்டத்துக்கு இணைத்தகுதிச் சான்று கேட்பார்கள். பல்கலைக்கழக மானியக் குழு 2025-இல் இதற்குப் புதிய விதிகளை அறிவித்திருக்கிறது. வேறொரு பல்கலைக்கழகத்தின் பெயரை வாங்கி பிரான்சைஸ் முறையில் நடத்தும் படிப்புகளை அந்த விதிகள் ஏற்பதில்லை. நேரடிக் கிளை வளாகம் வேறு, இது வேறு. நாட்டிங்காம், மோனாஷ் போன்றவை இங்கே வைத்திருப்பது சொந்த வளாகம். ஆனால் அவற்றின் கட்டணம் நீ நினைக்கும் எல்லைக்குள் வராது. கல்லூரியின் பெயரைச் சொல்லாமல் "வெளிநாட்டுப் பட்டம்" என்று மட்டும் சொல்கிற ஏஜென்ட் யாராக இருந்தாலும் அங்கேயே எழுந்து வந்துவிடு.

என் மனசில் இருப்பதைக் கேட்டால்: அவள் நெல் என்று சொன்னால் லோஸ் பன்யோஸ், மரப்பயிர் என்று சொன்னால் செர்டாங். இரண்டில் எதற்குப் போனாலும் நல்ல ஆசிரியர்களிடம்தான் போகிறாள். செர்டாங் என்று ஆகிவிட்டால் பெரியவன் அறை அவளுக்கு. வாடகை என்று பேச்செடுத்தால் மீனா உன்னோடு பேச மாட்டாள், இப்போதே சொல்லிவிடுகிறேன். தனியாக விடுதியில் இருக்கத்தான் அவளுக்கு விருப்பம் என்றாலும் சரி. சனி ஞாயிறு வந்து சாப்பிட்டுவிட்டுப் போகட்டும்.

நீ செய்ய வேண்டியது: மதிப்பெண் பட்டியலையும் பாஸ்போர்ட் முதல் பக்கத்தையும் ஸ்கேன் எடுத்து அனுப்பு. ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வுக்கு அவள் இப்போதே பதிவு செய்யட்டும். அது கையில் இருந்தால் பல இடங்களில் விண்ணப்பிக்க வசதி. ஞாயிற்றுக்கிழமை உனக்கு மாலை 5 மணி என்றால் எனக்கு ஏழரை. அந்த நேரத்தில் கூப்பிடு. நீ முதலில் பேச வேண்டாம், போனைக் கயலிடம் கொடு. எந்தப் பயிர் என்று அவள் வாயால் கேட்க வேண்டும்.

அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
இளங்கோ