போர்ச் செலவும் உட்கட்சித் தேர்தலும்

ஆசிரியருக்கு,

அமெரிக்காவில் போர்ச் செலவு மசோதா வரும்போதெல்லாம், “களத்தில் நிற்கும் வீரனுக்குப் பணம் தரமாட்டாயா?” என்று கேட்டே உறுப்பினர்களின் வாயை அடைத்துவிடுகிறார்கள். அந்தக் கேள்விக்கு அஞ்சாமல் இருப்பவர், பல நேரங்களில் அதே கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலில் அந்த உறுப்பினரை எதிர்த்து நிற்பவர்தான்.

2006இல் கனெக்டிகட்டில், ஈராக் போரை விடாமல் ஆதரித்த ஜனநாயகக் கட்சி செனட்டர் ஜோ லீபர்மனை அதே கட்சியின் நெட் லமாண்ட் எதிர்த்தார். அதற்கு முந்தைய ஆண்டு, எதிர்முகாமான குடியரசுக் கட்சியின் அதிபர் புஷ், உரை முடித்துத் திரும்பும்போது லீபர்மனின் கன்னத்தருகே முகம் வைத்த காட்சியை லமாண்ட் ஆதரவாளர்கள் காகிதக்கூழ் பொம்மையாக்கி, வண்டியில் ஏற்றி ஊர் சுற்றினார்கள். நம் கொடும்பாவிக்குத் தூரத்து உறவு போலும்! ஆகஸ்ட் 8இல் நடந்த உட்கட்சித் தேர்தலில் லமாண்ட் 52க்கு 48 சதவீதம் என்று வென்றார். லீபர்மனோ கட்சியை விட்டுத் தனியாக நின்று, குடியரசுக் கட்சியினர் வாக்குகளையும் அள்ளி நவம்பர் பொதுத்தேர்தலில் ஜெயித்துவிட்டார்.

ஆனால் மேரிலாந்தைப் பாருங்கள். 2002இல் போருக்கு வாக்களித்த ஜனநாயகக் கட்சி பிரதிநிதிகள் சபை உறுப்பினர் ஆல்பர்ட் வின்னிடம், 2006 உட்கட்சித் தேர்தலில் டோனா எட்வர்ட்ஸ் சிறிய வித்தியாசத்தில் தோற்றார். அந்த அதிர்ச்சிக்குப் பிறகு வின், துணை அதிபர் செனி மீதான பதவிநீக்கத் தீர்மானத்தில்கூடக் கையெழுத்திட்டார். ஆனாலும் 2008 பிப்ரவரி உட்கட்சித் தேர்தலில் எட்வர்ட்ஸ் அவரை வீழ்த்தினார். வின்னின் மாற்றம் மனசாட்சியா, தேர்தல் பயமா என்று இன்றும் கேட்பார்கள். பயமாகவே இருக்கட்டுமே, எனக்கு ஆட்சேபம் இல்லை.

– ஒரு வாசகர், திருச்சி